கருப்பட்டியும் பப்மெட்டும்: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மதிப்புரை

சென்ற ஐப்பசியில் அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, தம் கைபேசியை என்னிடம் நீட்டினார். கருப்பட்டியின் கிளைசெமிக் குறியீடு (ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றும் என்பதைக் காட்டும் எண்) 35 மட்டுமே என்றும், ஆகவே சர்க்கரை நோயாளிகள் அதை அச்சமின்றி உண்ணலாம் என்றும், இதை அறிவியல் ஆய்வு நிரூபித்துவிட்டது என்றும் அதில் ஒரு வாட்ஸாப் செய்தி இருந்தது. ஆய்வை நடத்தியவர் யார், எங்கே, எப்போது என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. "சார்வாள், இது நெசந்தானா? நெசம்னா காப்பியில போட்டுக் குடிப்பேம்லா" என்றார். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. உடன்குடிக் கருப்பட்டியை ஊருக்கெல்லாம் விற்றுக்கொண்டு, தாம் மட்டும் இனிப்பில்லாத காப்பியைக் குடித்துவருபவர்.

மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்லன், ஆய்வாளனும் அல்லன். இத்தகைய கேள்விகள் திண்ணைக்கு வரும்போது நான் முதலில் திறந்து பார்ப்பது பப்மெட் என்னும் இணையச் சேவையைத்தான். ஐந்து ஆண்டுகளாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அதைப் பயன்படுத்திவருகிறேன். என்னைப் போல் எந்த நிறுவனத்தையும் சாராமல், வெளியான ஆய்வுக் கட்டுரைகளை நேரடியாகப் பார்க்க விரும்புபவருக்கு அது எவ்வளவு தூரம் உதவும், எங்கே கைவிடும் என்பதைச் சொல்வதற்காகவே இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

பப்மெட்டை நடத்துவது அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம். மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்டா என்னும் ஊரில் உள்ள அந்நூலகத்தின் வழிவந்த பட்டியல் மரபு மிகப் பழையது. ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் ராணுவ மருத்துவர் 1879இல் தொடங்கிய 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அச்சுப் பட்டியல்தான் அதன் மூத்த தலைமுறை. 1980களில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் அதன் தொகுதிகளை நான் பார்த்திருக்கிறேன்; பொடி எழுத்தில், இருபுறமும் பத்தி பிரித்து, தூக்கினால் கை வலிக்கும் கனத்தில் இருந்தன. ஒரு தலைப்பைத் தேட அரை நாள் போய்விடும். அந்த அச்சுப் பதிப்பு 2004இல் நின்றது. அதற்கு முன்பே, 1971இல் தொலைபேசி இணைப்பு வழியாகத் தேடக்கூடிய மெட்லைன் என்னும் கணினிப் பட்டியல் வந்துவிட்டது. 1996இல் சோதனை முறையில் தொடங்கி, 1997 ஜூன் மாதம் முறைப்படி உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட வடிவமே பப்மெட். இன்று அதில் 3.7 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் உள்ளன.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பப்மெட்டில் இருப்பது கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர் பெயர், இதழின் பெயர், பெரும்பாலும் ஒரு சுருக்கம் ஆகியவையே. முழுக் கட்டுரை அங்கே இராது. முழுக் கட்டுரைகளை இலவசமாக வைத்திருப்பது 2000ஆம் ஆண்டில் அதே நூலகம் தொடங்கிய பிஎம்சி எனப்படும் பப்மெட் சென்ட்ரல். அதில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. பழைய நூலகக் கணக்கில் சொன்னால், பப்மெட் வாசலில் இருக்கும் அட்டைப் பெட்டி, பிஎம்சி உள்ளே இருக்கும் அலமாரி. அட்டை இருக்கிற புத்தகமெல்லாம் அலமாரியில் இருப்பதில்லை என்பது நூலகம் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும்.

சேவையின் தோற்றம் எளிமையானது. விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லும் தொல்லை இல்லை, பணம் கேட்பதில்லை. மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் இணைய வேகம் படுத்துவிடும் நாட்களில்கூட அந்தப் பக்கம் தயங்காமல் திறக்கிறது. ஒரு தேடுபெட்டி, அதன் கீழே முடிவுகள், பக்கத்தில் எந்த ஆண்டில் எத்தனை கட்டுரைகள் வந்தன என்று காட்டும் சிறு பட்டை வரைபடம், இலவச முழு உரை உள்ளவை, மருத்துவச் சோதனைகள், முறைசார் மதிப்பாய்வுகள் என்று வடிகட்டிக்கொள்ளும் குறிகள். கைபேசியில் பார்க்கும்போது மட்டும் இவ்வடிகட்டிகள் ஒரு பொத்தானுக்குள் ஒளிந்துகொள்கின்றன. கணினியில் பார்ப்பதே வசதி.

அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன். கருப்பட்டிக்கு ஆங்கிலத்தில் பொதுவாக வழங்கும் 'பாம் ஜாகரி', 'பாம் ஷுகர்' என்னும் சொற்களை இட்டுத் தேடினேன். வந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் சிக்கல் விளங்கிற்று. ஆங்கிலத்தில் 'பாம்' என்றால் பனையும் ஆகும், தென்னையும் ஆகும், ஈச்சையும் ஆகும், இந்தோனேசியாவில் சர்க்கரை எடுக்கும் அரெங்கா மரமும் ஆகும். நாம் பனை, தென்னை, ஈச்சை என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். தேடுபெட்டிக்கு அந்த விவரம் தெரியாது. தாவரவியல் ஆசிரியர் என்பதால் அடுத்து பனைக்குரிய 'பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர்' என்னும் லத்தீன் இருசொற்பெயரை இட்டேன். இப்போது எல்லாம் பனைதான், ஆனால் கருப்பட்டி அரிதாகவே இருந்தது. பனைநார், பனம்பழச் சதை, பதநீரில் வளரும் ஈஸ்ட் என்று கட்டுரைகள் பல திசைகளில் சென்றன. பனம்பழத்தின் கசப்புக்குக் காரணமான ஃபிளாபெல்லிஃபெரின் என்னும் சேர்மம் சுண்டெலிகளின் குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை எவ்வாறு பாதிக்கிறது என்று இலங்கை ஆய்வாளர்கள் பார்த்த கட்டுரை ஒன்று இருந்தது. அது பழச் சதையைப் பற்றியது. பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியைப் பற்றியது அன்று. இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர் அக்கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு 'பனை சர்க்கரையைக் குறைக்கும்' என்று அடுத்த வாட்ஸாப் செய்தியை எழுதிவிடுவார்.

பிறகு 35 என்ற எண்ணின் பிறப்பிடத்தைத் தேடினேன். இதில் பப்மெட் எனக்கு உதவவில்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் வழியாகத்தான் தடம் கிடைத்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் உணவு, ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனம் தென்னம்பாளைச் சாற்றிலிருந்து எடுத்த சர்க்கரைக்கு அளந்து சொன்ன மதிப்பு அது. அதே தென்னஞ்சர்க்கரைக்குச் சிட்னி பல்கலைக்கழகத்தின் பட்டியல் 54 என்று சொல்கிறது. 55 வரை 'குறைவு' என்னும் வகையில் வருவதால் இரண்டுமே ஒரே கூடையில் விழுந்தாலும், 35க்கும் 54க்கும் உள்ள தூரம் சிறிதன்று. வெள்ளைச் சர்க்கரையின் மதிப்பு ஏறத்தாழ 65. ஆக, மணிலாவில் தென்னைக்கு அளந்த எண், 'பாம்' என்னும் ஒரே சொல்லின் மேல் ஏறி, உடன்குடிப் பனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே பொருள்தான் என்பதில் வேதியியலுக்கு ஐயமில்லை.

இவ்வளவையும் கண்டுபிடிக்க எனக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. பப்மெட்டை நல்ல சேவை என்று நான் சொல்லும்போது இந்த இரண்டரை மணி நேரத்தையும் சேர்த்தே சொல்கிறேன். அது விடை தருவதில்லை. விடை இருக்கக்கூடிய தாள்களை எடுத்து மேசையில் வைக்கிறது.

தாள்களை எடுத்து வைப்பதில் அதன் திறமை உண்மையிலேயே வியக்கத்தக்கது. 1960 முதல் அந்நூலகம் பேணிவரும் 'மெஷ்' என்னும் மருத்துவப் பொருள்தலைப்புச் சொற்பட்டியல் இதன் முதுகெலும்பு. நாம் 'ஹார்ட் அட்டாக்' என்று பேச்சுவழக்கில் இட்டாலும், அது தானாகவே 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்னும் முறையான தலைப்பையும் சேர்த்துத் தேடுகிறது. செடிகளில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். நம் பக்கத்துச் செம்மண் காடுகளில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக உலகெங்கும் மலமிளக்கியாகப் போகும் நிலவாகையை எடுத்துக்கொள்வோம். சித்த மருத்துவத்தில் நிலவாகைச் சூரணம் என்றால் தெரியாதவர் இல்லை. இதே செடி பழைய நூல்களில் காசியா அங்குஸ்டிஃபோலியா, வேறு சிலவற்றில் காசியா செனா, இன்றைய பெயரிடலில் செனா அலெக்சாண்ட்ரினா. எந்தப் பெயரில் யார் எழுதியிருந்தாலும் 'செனா' என்னும் தலைப்பின் கீழ் பெரும்பாலானவை ஒன்றுசேர்ந்து கிடைக்கின்றன.

விளையாட்டாக ஒருநாள் 'டின்னெவெலி' என்று ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டலில் எங்கள் ஊர்ப் பெயரை இட்டுப் பார்த்தேன். வணிகத்திலும் மருந்து நூல்களிலும் 'டின்னெவெலி செனா' என்பதே நிலவாகையின் பெயர் என்பதால் அதைப் பற்றிய கட்டுரைகள் வரிசையாக வந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து போனதில், பெல்ஜியத்து ஆய்வாளர்கள் 1981இல் 'பிளாண்டா மெடிக்கா' இதழில் எழுதிய கட்டுரையின் விவரத்தை வந்தடைந்தேன். எகிப்து, சூடான் பக்கத்து நிலவாகையில் இல்லாமல் நம் வகையில் மட்டும் காணப்படும் ஒரு நாஃப்தலீன் கிளைகோசைடு இருக்கிறது. அதைக் கொண்டே இரண்டையும் வேறுபடுத்தலாம். அதற்கு வைத்த பெயர் 'டின்னெவெல்லின்'. முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த ஊரில் தாவரவியல் நடத்தியவனுக்கு, ஊரின் பெயரில் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. மாணவர்களிடம் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

பிஎம்சியின் சிறப்பு இன்னொன்று: பல பழைய இதழ்களை முதல் பக்கத்திலிருந்து படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் இலங்கை ஆய்வாளர்கள் எலிகளுக்குப் பனங்கிழங்கு மாவைத் தீவனமாகக் கொடுத்து, அதில் நச்சு விளைவுகளைக் கண்டு எழுதிய கட்டுரை பிரிட்டனின் சோதனை நோயியல் இதழில் வந்தது. அதன் மஞ்சளேறிய பக்கங்களை வீட்டிலிருந்தே புரட்டலாம். பொங்கலுக்குக் கட்டுக் கட்டாகப் பனங்கிழங்கு அவித்துத் தின்னும் நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது முதலில் திக்கென்றுதான் இருந்தது. நிதானமாகப் படித்தால், அவர்கள் கொடுத்தது யாழ்ப்பாணத்தில் ஒடியல் என்று சொல்லும் அவிக்காத கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு என்பதும், நாம் தின்பது அவித்த கிழங்கு என்பதும், எலி முழுநேரமும் அதையே தின்றது என்பதும் புலப்படும். சுருக்கத்தில் மட்டும் நின்றிருந்தால் அந்தப் பொங்கல் எங்கள் வீட்டில் கிழங்கு இல்லாமல் போயிருக்கும்.

சுருக்கத்தை நம்பி நானே ஒருமுறை ஊர் வாயில் விழுந்திருக்கிறேன். வைட்டமின் சி மாத்திரை சளியைத் தடுக்குமா என்று காலைநடை நண்பர் ஒருவர் கேட்டார். வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே கைபேசியில் தேடி, காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட மதிப்பாய்வின் சுருக்கத்தைக் கண்டுபிடித்தேன். சளி பிடிக்கும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது என்னும் வரி கண்ணில் பட்டது, அதையே சொன்னேன். அவரும் அன்றே டப்பா வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தால், அந்தப் 'பாதி' 598 பேர் மட்டுமே பங்கேற்ற ஐந்து சோதனைகளைப் பற்றியது; அவர்கள் மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், துருவத்தை ஒட்டிய குளிரில் பயிற்சி செய்த படைவீரர்கள். சாதாரண மக்கள் 10,708 பேர் பங்கேற்ற சோதனைகளில், அன்றாடம் மாத்திரை எடுத்தும் சளி வருவது குறையவில்லை. வந்த சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்கு 8 விழுக்காடும் குழந்தைகளுக்கு 14 விழுக்காடும் குறைந்தது. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மைதானத்தைச் சுற்றுகிறவர் எந்தக் கணக்கில் பனிச்சறுக்கு வீரர் ஆவார்? மறுநாள் அவரிடம் உண்மையைச் சொன்னேன். "டப்பாக் காசு குடுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் என்றாலும் இன்றும் அதை நினைவூட்டத் தவறுவதில்லை.

காக்ரேன் பெயரை எடுத்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1993இல் தொடங்கிய இந்த அமைப்பு, ஒரு கேள்வியைப் பற்றி வந்த சோதனைகளையெல்லாம் திரட்டி எடைபோட்டுச் சொல்கிறது. அதன் எளியநடைச் சுருக்கங்களில் ஒரு பகுதி தமிழிலும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருந்தாலும், ஆங்கிலம் படிக்காத ஒருவர் கையில் நேராகக் கொடுக்கத்தக்க ஆய்வுச் செய்தி வேறு எங்கும் இவ்வளவு எளிதில் எனக்கு அகப்பட்டதில்லை.

பப்மெட்டை நான் மெச்சும் மற்றொரு காரணம், அது தவறுகளை மறைப்பதில்லை. 1998இல் 'லான்செட்' இதழில் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து, தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பது போன்ற அச்சத்தைக் கிளப்பிய கட்டுரையை இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அக்கட்டுரையின் பதிவை இன்று திறந்தால், திரும்பப் பெறப்பட்டது என்னும் அறிவிப்பு மேலேயே கண்ணில் அறைகிறது. 2020 மே மாதத்தில் வந்து, ஜூன் தொடக்கத்திலேயே திரும்பப் பெறப்பட்ட, கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து தருவது பற்றிய கட்டுரைக்கும் அப்படியே. எவரேனும் ஓர் ஆய்வை மேற்கோள் காட்டினால், முதலில் அதன் பதிவைத் திறந்து அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். அரை நிமிட வேலை. ஆனால் அறிவிப்பு இல்லாததாலேயே கட்டுரை பத்தரைமாற்று ஆகிவிடாது. பப்மெட்டில் இருப்பதே தரச்சான்று என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். மெட்லைன் பகுதிக்குள் இதழ்களைத் தேர்ந்து சேர்க்கிறார்கள் என்பது உண்மை. பப்மெட் அதைவிட அகலமானது, அதற்குள் தரத்தில் நொண்டும் இதழ்களும் வந்து சேர்கின்றன. 2022 முதல் தலைப்புச்சொல் இடும் பணியையும் மனிதர்களிடமிருந்து கணினி நிரலுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் வேகம் கூடியது. எப்போதாவது பொருந்தாத தலைப்பின் கீழ் ஒரு கட்டுரை வந்து உட்கார்ந்திருப்பதையும் பார்க்கிறேன்.

இனி மனக்குறை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கட்டுரையின் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, முழுதும் படித்தே ஆக வேண்டும் என்ற ஆவலில், வெளியீட்டு நிறுவனத்தின் பக்கத்துக்குப் போனேன். முப்பது டாலருக்கு மேல் கேட்டார்கள். மகனின் அட்டையைக் கொண்டு கட்டிவிட்டேன். ஏழு பக்கக் கட்டுரை; பக்கத்துக்கு ஒரு மதியச் சாப்பாட்டைவிட விலை அதிகம். ஒரு வாரம் கழித்து அதே கட்டுரையின் ஆசிரியர் தம் கையெழுத்துப் படியை பிஎம்சியில் இலவசமாக வைத்திருப்பதைக் கண்டேன். பப்மெட் பக்கத்தின் வலப்புறத்தில் அதற்கான சுட்டியும் இருந்தது. வெளியீட்டாளரின் பெரிய பொத்தானுக்குக் கீழே சிறியதாக இருந்ததால் நான்தான் பார்க்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய மடலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

அதன் பிறகு மூன்று படிகளை வைத்துக்கொண்டேன். முதலில் பிஎம்சி சுட்டியைத் தேடுவது. அடுத்து, 'அன்பேவால்' என்னும் உலாவி நீட்சியைப் பார்ப்பது. சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் படி எங்காவது இருந்தால் திரையோரத்தில் ஒரு பூட்டு பச்சை நிறத்தில் திறந்து காட்டும். அதுவும் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுவது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி என்று ஒழுங்காக அறிமுகம் செய்துகொண்டு எழுதினால் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஒரு பேராசிரியர் கட்டுரையோடு, உங்கள் ஊர் அல்வா உண்டிருக்கிறேன் என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பியிருந்தார். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஆய்வுகள் 2025 ஜூலை முதல் வெளியான அன்றே பிஎம்சிக்கு வந்துவிட வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்திருப்பது நம் போன்றவருக்கு நல்ல செய்தி.

நம் நாட்டு அரசும் சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்படி, 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பயன்பெறுவர் என்பது கணக்கு. அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் விடுமுறைக்கு வந்தபோது, தன் கணக்கில் நான் கேட்ட கட்டுரையைத் திறந்து எனக்கு அருகிலிருந்து படித்துக் காட்டினாள். எனக்கு அந்த வாசல் கிடையாது. நிறுவனத்தைச் சாராதவன் அக்கணக்கில் வரமாட்டான். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு கணினிக்கேனும் இந்தத் திட்டத்தை நீட்டித்தால் என் போன்ற கிழவர்கள் அங்கே வரிசையில் நிற்போம்.

பப்மெட்டுக்கு அப்பாற்பட்ட துறைகளைத் தேடுவோர் அதனிடம் போய் ஏமாற வேண்டாம். அது உயிரியலுக்கும் மருத்துவத்துக்குமானது. நம் ஊருக்கருகே கிருஷ்ணாபுரத்தில், சிற்பங்களுக்குப் பேர்போன வெங்கடாசலபதி கோயில் இருக்கும் அதே ஊர்ப்பக்கத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டு ஆய்வகம் உள்ளது. பூமியின் காந்த நடுக்கோடு இப்பகுதிக்கு அருகில் செல்வதால் இங்கே அமைத்தார்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை ரேடார் கொண்டு 1990களிலிருந்து அளந்துவருகிறார்கள். 'திருநெல்வேலி' என்னும் பெயர் தலைப்பிலேயே வரும் கட்டுரைகள் உலக இதழ்களில் நிறைய வந்துள்ளன. அவற்றைப் பார்க்க நாசாவின் வானியற்பியல் தரவு அமைப்பு என்னும் இலவசச் சேவையோ கூகுள் ஸ்காலரோதான் ஏற்றது. ஆய்வகத்தைத் தாண்டித் திருச்செந்தூர் பேருந்தில் நூறு முறை போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்தக் கட்டுரைகளில்தான் தெரிந்துகொண்டேன்.

சித்த மருத்துவத்தில் நிலைமை இரண்டுங்கெட்டான். 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் இது என்பதால் அதுபற்றிய கேள்விகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. ஆனால் குடிநீர், சூரணம், செந்தூரம் என்னும் சொற்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்; சூரணம் என்னும் ஒரே சொல்லை 'சி'யில் தொடங்கி நான்கு வகையாக இட்டுத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே மருந்தின் பெயரை விட்டுவிட்டுச் செடியின் லத்தீன் பெயரைக் கொண்டு தேடுவதே என் வழக்கம். கூட்டு மருந்துகளுக்கு அதுவும் செல்லாது. இத்துறைக்கு ஒன்றிய அரசின் ஆயுஷ் ஆய்வுத் தளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அன்று மழை விடுவதற்குள் இவ்வளவையும் அண்ணாச்சியிடம் சொல்ல முடியவில்லை. மறுநாள் அவர் கடைக்கே போய், தாளில் குறித்துக்கொண்டு வந்ததைப் படித்துக் காட்டினேன். 35 என்பது தென்னையினுடையது, அதுவும் வேறு நாட்டில் அளந்தது, கருப்பட்டியிலும் உள்ளது பெரும்பாலும் சர்க்கரையே, மாற்றம் எதுவானாலும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும் என்று சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ அந்தச் செய்தி போட்டவன் நம்ம பனையத் தொட்டே பாக்கல, அப்படித்தானே சொல்லுதீய?" என்றார். ஆம் என்றேன். "சரி, விக்கத மட்டும் வித்துக்கிடுதேன்" என்று தராசை எடுத்தார்.

பப்மெட்டில் ஒரு தேடலைச் சேமித்து வைத்தால், அப்பொருளில் புதுக் கட்டுரை வரும்போது மின்னஞ்சல் அனுப்பும் வசதி இருக்கிறது. இதற்கு மட்டும் இலவசக் கணக்கு ஒன்று வேண்டும். பனையின் லத்தீன் பெயருக்கு அன்றே அதை ஏற்படுத்திவைத்தேன். சனிக்கிழமை தோறும் பார்க்கிறேன். வருபவற்றில் பெரும்பாலானவை பனைநாரைக் கலந்து பலகை செய்வது பற்றியவை. அண்ணாச்சி என்னைக் கண்டால் வணக்கத்துக்கு முன்பே, "வந்திட்டா சார்வாள்?" என்றுதான் கேட்கிறார்.